2,936 ஓட்டும் ஒரு வீட்டு எண்ணும்
(குடும்பக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் வட டக்கோட்டா என்று ஒரு மாநிலம். அங்கு நடந்த தேர்தலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேட்டு முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

தீபகற்ப மலேசியாவைவிடப் பெரிய நிலம் அது. கோதுமை வயல், மாட்டுப் பண்ணை, மேற்கே எண்ணெய்க் கிணறுகள். ஆனால் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் 779,094 பேர்தான்.

காங்கிரஸ் என்றதும் ஏதோ ஒரு கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் காங்கிரஸ் என்றால் நாடாளுமன்றம். அதில் இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் மக்கள் தொகைக்கு ஏற்ப இடம். வட டக்கோட்டாவுக்கு ஒரே ஓர் இடம். செனட் சபையில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் என்ற பேதமில்லை. எல்லாருக்கும் இரண்டு இடம். ஏறக்குறைய 39 மில்லியன் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு, வட டக்கோட்டாவுக்கும் இரண்டு. ஆகவே சின்ன மாநிலத்தில் ஒவ்வொரு ஓட்டுக்கும் கனம் அதிகம். நாடு முழுமைக்கும் சட்டம் செய்யும் சபையின் ஓர் இடம் சில ஆயிரம் ஓட்டில் கைமாறலாம்.

2012ல் அப்படித்தான் நடந்தது. ஜனநாயகக் கட்சியின் ஹைடி ஹைட்கேம்ப் செனட் இடத்தை 2,936 ஓட்டில் வென்றார். அவருக்குக் கைகொடுத்தவர்களில் பூர்வகுடி மக்களும் உண்டு. பழைய பாடப் புத்தகங்களில் செவ்விந்தியர் என்று படித்தோமே, அவர்கள்தான். மாநிலத்தில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ஸ்டாண்டிங் ராக், ஸ்பிரிட் லேக், டர்ட்டில் மவுண்டன், ஃபோர்ட் பெர்த்தோல்ட் போன்ற ஒதுக்கு நிலங்களில் பலர் வாழ்கிறார்கள். அந்த மண்ணுக்கே சொந்தக்காரர்களான இந்த மக்களுக்கெல்லாம் குடியுரிமை என்று சட்டம் வந்ததே 1924ல்தான்.

அந்த மாநிலத்தில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது. கையில் கார்டு இல்லாவிட்டாலும் பிரமாணம் எழுதிக் கொடுத்து ஓட்டுப் போடலாம். வாக்குச்சாவடி அதிகாரி "இவரை எனக்குத் தெரியும்" என்றாலும் போதும். 2013ல் மாநிலச் சட்டமன்றம் அதை மாற்றியது. அடையாளக் கார்டு வேண்டும், அதில் குடியிருக்கும் வீட்டின் முகவரி வேண்டும் என்றது. மோசடியைத் தடுக்கவே இந்தச் சட்டம் என்று சொன்னார்கள்.

எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே, இதில் என்ன பாரபட்சம் என்று தோன்றும். ஒதுக்கு நிலத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். அங்கே பல வீடுகளுக்குத் தெருப் பெயர் இல்லை, எண் இல்லை. கடிதமெல்லாம் தபால் நிலையப் பெட்டிக்கு வரும். வீட்டு வாடகை கட்ட முடியாமல் சொந்தக்காரர் வீட்டில் மாறி மாறித் தங்குபவர்களும் உண்டு. தபால் பெட்டி எண் போட்ட கார்டு செல்லாது என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? தகுதியுள்ள கார்டு இல்லாத பூர்வகுடி வாக்காளர்கள் சுமார் 5,000 பேர் என்று நீதிமன்றமே கண்டது. போன தடவை வெற்றி வித்தியாசம் 2,936. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மக்கள் வழக்குப் போட்டார்கள். 2016ல் கூட்டரசு நீதிபதி டேனியல் ஹோவ்லண்ட் சட்டத்துக்குத் தடை விதித்தார். 2017ல் சட்டமன்றம் அதைத் திருத்தி மீண்டும் கொண்டு வந்தது. 2018 ஏப்ரலில் நீதிபதி மறுபடி முக்கிய விதிகளைத் தடுத்தார். அந்த ஜூன் மாதம் நடந்த கட்சி வேட்பாளர் தேர்தலில் தபால் பெட்டி முகவரி செல்லும் என்றிருந்தது. செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. அக்டோபர் 9ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. நீதிபதி கின்ஸ்பெர்க் மட்டும், நீதிபதி கேகனும் சேர்ந்துகொள்ள, மாற்றுக் கருத்து எழுதினார். ஜூனில் செல்லும் என்றது நவம்பரில் செல்லாது என்றால் வாக்காளர் குழம்ப மாட்டாரா என்பதே அவர் கவலை. தேர்தலோ நவம்பர் 6. நான்கு வாரம்தான் பாக்கி.

தோழர்களே, அந்த மக்கள் தலையில் கை வைத்து உட்காரவில்லை. பழங்குடி அலுவலகங்கள் இரவு பகலாகத் திறந்திருந்தன. வழக்கமாக வாங்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து கார்டு கொடுத்தார்கள். டர்ட்டில் மவுண்டனில் கார்டு அச்சிடும் இயந்திரமே சூடேறித் திணறியது. 911 அவசர அழைப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு வீட்டுக்கு எண் கேட்டு வாங்கினார்கள். 2,000க்கும் மேற்பட்ட கார்டுகள் கைக்கு வந்தன. முதியவர்களை வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். ஒதுக்கு நிலங்களில் ஓட்டுப் பதிவு முந்தைய இடைக்காலத் தேர்தலைவிடப் பெரிதும் உயர்ந்தது.

முடிவு என்ன? ஹைட்கேம்ப் தோற்றார். குடியரசுக் கட்சியின் கெவின் கிரேமர் 35,000க்கும் அதிகமான ஓட்டில் ஜெயித்தார். அந்த வித்தியாசத்தை ஒதுக்கு நிலத்து ஓட்டு மட்டும் நிரப்பியிருக்க முடியாது. உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் பாடுபட்டதெல்லாம் வீணா? இல்லை. அதே நாளில் ஃபார்கோ நகரத்தின் ஒரு தொகுதியில் ரூத் பஃபலோ என்ற பூர்வகுடிப் பெண் மாநிலச் சட்டமன்றத்துக்கு வென்றார். அவரிடம் தோற்றவர் ரேண்டி போனிங். அந்த அடையாளக் கார்டுச் சட்டத்தை முன்னின்று கொண்டு வந்த உறுப்பினர் அவர்தான்!

வழக்கையும் அவர்கள் விடவில்லை. 2020ல் மாநில அரசு ஸ்பிரிட் லேக், ஸ்டாண்டிங் ராக் பழங்குடியினருடன் சமரசத்துக்கு வந்தது. வீட்டு எண் இல்லாதவர் வரைபடத்தில் "என் வீடு இங்கே" என்று அடையாளம் போட்டாலே போதும், ஓட்டுப் போடலாம். முகவரியைத் தேடித் தருவது அதிகாரிகளின் பொறுப்பு. ஏழு வருடப் போராட்டத்தின் பலன் இது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. உரிமையைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டு, வாசலில் ஒரு தாளைக் கேட்டு நிறுத்திவிடலாம். பத்திரம் இல்லாதவர் படும் பாடு நமக்குப் புதிதல்ல. இங்கே 2021 டிசம்பர் முதல் 18 வயதானவர் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. அப்படி ஏறும்போது எந்தத் தொகுதி என்பதை அடையாளக் கார்டில் உள்ள முகவரி முடிவு செய்கிறது. தோட்டத்தை விட்டு வந்து வருடக்கணக்கான பிறகும் கார்டில் பழைய லயத்து முகவரி இருக்கிறதா? இன்று இரவு வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கார்டையும் சேர்த்துப் பாருங்கள். வட டக்கோட்டா மக்களுக்கு நான்கு வாரம்தான் கிடைத்தது. நமக்கு இப்போது நேரம் இருக்கிறது.