முகத்தில் தங்கிய நோவு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இம்மேடையில் வழமையாகப் பேசப்படும் பொருளன்று. சத்திர சிகிச்சை முடிந்து, காயம் ஆறி, தையலும் எடுத்த பின்னரும் முகத்தை விட்டுப் போகாமல் தங்கிவிடுகின்ற நரம்பு நோவைப் பற்றியது. நூல்களிற் படித்ததை மட்டும் கொண்டு இங்கு நிற்கவில்லை. ஆறு ஆண்டுகளாக நமது வலப்பக்கக் கீழ்த்தாடையில் இந்நோவு குடியிருந்து வருகிறது. செயலாளர் தம்பி பேச அழைத்தபோது முதலில் மறுத்தோம். "ஐயா, உங்களைப்போல எத்தனை பேர் வெளியில சொல்லாமல் இருக்கினமோ" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதற்காகவே உடன்பட்டோம். இடையிடையே நிறுத்திச் சற்று இளைப்பாறுவோம். நீண்ட பேச்சு நமது தாடைக்கு ஆகாது. சபையோர் பொறுத்தருள வேண்டும்.

முகத்திலே இரண்டு பெரிய நரம்புகள் தொழில் செய்கின்றன. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் ஏழாவது நரம்பு முகத் தசைகளை அசைப்பது. சிரிப்பதும், கண்ணை இறுக மூடுவதும் அதன் வேலை. ஐந்தாவது நரம்போ உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்வது. அது மூன்று கிளையாகப் பிரிந்து, ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேற்பல் வரிசைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் செல்கிறது. இவ்விரு நரம்புகளின் தொழிலை வேறு வேறாகப் பிரித்தறிய முயன்றவர்களுள் முதன்மையானவர் எடின்பரோவிற் பிறந்த சார்ல்ஸ் பெல் என்னும் வைத்தியர். 1821ஆம் ஆண்டில் இதுபற்றி எழுதினார். ஏழாவது நரம்பு பழுதானால் வாய் கோணும், ஊரார் காண்பர். ஐந்தாவது பழுதானால் முகம் முன்போலவே இருக்கும், ஒருவரும் காணார். நோயாளியின் துன்பத்தில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

நமக்கு நேர்ந்தது இது. கீழ்த்தாடையின் கடைசிப் பல், ஞானப்பல் என்கிறோமே, அது எலும்புக்குள் சரிந்து கிடந்து அடிக்கடி சீழ் வைத்தது. எக்ஸ்றே படத்தில் அதன் வேர் நரம்பு ஓடும் கால்வாயை ஒட்டி நின்றது. கீழ்த்தாடை எலும்பினுள்ளே, பல் வேர்களுக்கு அடியில், அந்த நரம்புக்கென ஒரு சிறு கால்வாய் உண்டு. நாடிக்கு அண்மையில் ஒரு துவாரத்தால் வெளிவந்து கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. உதடு விறைக்கக்கூடும் என்று வைத்தியர் முன்னரே சொல்லியிருந்தார். சீழைச் சகித்துக்கொண்டிருக்கவும் இயலாது. பல் எடுக்கப்பட்டது. உதடும் விறைத்தது.

இவ்விறைப்பு மிகப் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாறிவிடும் என்பதை இங்குள்ள இளைஞர் அறிந்துகொள்க. ஞானப்பல் எடுக்கப் பயந்து ஓட வேண்டியதில்லை. அறுந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரும் என்பர். கடைவாயிலிருந்து நாடிவரை வளர்ந்து சேர மாதங்கள் செல்லும். நமக்கும் மூன்றாம் மாதத்தில் உதட்டிலே எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு உண்டாயிற்று. உணர்ச்சி திரும்புகிறதென்று வீட்டில் பால் காய்ச்சாத குறையாக மகிழ்ந்தோம். திரும்பிவந்தது உணர்ச்சி மட்டுமன்று. கொதிநீர் பட்டதுபோன்ற எரிவும் கூட வந்தது. தொட்டால் விறைப்பு, தொடாவிட்டால் எரிவு! இரண்டும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

அதன் காரணத்தை வைத்தியர்கள் இவ்வாறு விளக்குகின்றனர். மேலுறை போன மின்கம்பி தானே பொறி கக்குவதுபோல, காயப்பட்ட நரம்பு தொடுவார் இல்லாமலே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூளை அதனை உண்மையான காயம் என்று வாசிக்கிறது. நாளடைவில், செய்தியைப் பெறும் மூளைத் தண்டும் கூர்மைப்பட்டு, மெல்லிய காற்றையும் நோவாக வாசிக்கப் பழகிவிடுகிறது. 1965இல் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் இருவர், நோவுச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியிலே ஒரு வாயில் உண்டென்று எழுதினர். நம் வீட்டுப் படலையை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் அடிபட்டவுடன் கையால் தேய்க்கிறோம்; தேய்த்தலால் எழும் தொடுகைச் செய்தி படலையைச் சாத்த உதவுகிறது; நோவு குறைகிறது. நரம்பே பழுதானவர்க்குப் படலையின் கட்டுக் கழன்றுவிட்டது. தேய்த்தால் நோவு குறையாது, கூடவும் செய்யும். ஆகவே "கொஞ்சம் எண்ணெய் போட்டு உரஞ்சி விடு தம்பி" என்று அன்போடு சொல்லும் ஆச்சிமாருக்கு நாம் கைகூப்பி விலகுவதன் காரணம் இதுவே.

இங்கே ஒரு பழைய கதையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. பிலடெல்பியா நகரிலே, நரம்பிற் குண்டுபட்ட போர்வீரர்களை சைலஸ் வெயர் மிச்செல் என்னும் வைத்தியர் பராமரித்தார். காயம் ஆறியபின்னும் அவர்களுட் சிலர் கையும் காலும் எரிகிறதென்று துடித்தனர். ஈரத்துணியைச் சுற்றியபடியே இருந்தனர். சிலர் சப்பாத்துக்குள்ளும் நீரை ஊற்றிக்கொண்டு நடந்தனர். காகிதம் சரசரக்கும் ஒலியும் பொறுக்கமாட்டாதவர் இருந்தனர். போர்க்களத்துக்குத் திரும்பாமலிருக்க நடிக்கும் வீரர்களையும் அவர் கண்டவர்தான். ஆயினும் இவர்களை நடிகர் என்று ஒதுக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி குறித்துவைத்து, தோழர் இருவருடன் சேர்ந்து 1864இல் நூலாக வெளியிட்டார். எரிநோவு என்னும் பொருள்பட அந்நோவுக்குப் பின்னர் ஒரு பெயரும் இட்டார். வந்தவன் சொல்வதை முதலில் நம்பிக் கேட்டார் என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நம் நாட்டிலும் 2009இல் முடிந்த போரின் பின், உடம்பிலே செல் துண்டுகளோடு வாழ்கிறவர்கள் உளர். அவர்களுட் சிலரை வருத்துவதும் இந்த இனத்து நோவே. நமது தாடை நோவை அவர்களுடைய துன்பத்தோடு ஒப்பிட நமக்கு நாவெழாது.

இனி மற்றொரு நோவையும் பிரித்துக் காட்ட வேண்டும். மின்னல் வெட்டியதுபோல ஒரு கணம் அடித்து நின்று, மறுபடி அடிக்கும் முகநரம்பு நோவு ஒன்று உண்டு. 1756இல் பிரான்சு தேசத்து நிக்கொலாஸ் அந்திரே அதற்குப் பெயரிட்டார். மூளைக்கருகில் நரம்பின் அடியை ஒரு இரத்தக்குழாய் அழுத்துவதாற் பெரும்பாலும் அது வருகிறது. அழுத்தும் குழாயை விலக்கி இடையே மெத்தை வைக்கும் சிகிச்சையை 1967இல் பீற்றர் ஜனெற்றா விளக்கினார். நமக்குள்ளது அதுவன்று, நம்முடையது ஓயாத எரிவு. ஒன்றுக்கான சிகிச்சையை மற்றதற்குச் செய்தல் வீண். இவ்விரு நோவுகளையும் பல் நோவென்று கருதி, ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்குவித்தவர் பலர். பல் போகும், நோவு அங்கேயே நிற்கும். ஒரு பல் எடுத்தும் நோவு மாறாதவர் அடுத்த பல்லைக் கொடுக்குமுன் நரம்பியல் வைத்தியரையோ, வாய், முகச் சத்திர சிகிச்சை நிபுணரையோ கண்டுவருவாராக.

மருந்தைப்பற்றிச் சுருங்கச் சொல்வோம். பரசிற்றமோல் போன்ற சாதாரண குளிசைகளுக்கு இந்நோவு பெரும்பாலும் அசையாது. மனச்சோர்வுக்கென வந்த அமிற்றிப்ரிலினை இரவில் மிகச் சிறிய அளவிற் கொடுப்பர். வலிப்புக்கென வந்த கபப்பென்ரின், பிறிகபலின் ஆகியவற்றையும் கொடுப்பர். துண்டில் அந்தப் பெயர்களைக் கண்டு, "எனக்கு விசர் எண்டு நினைச்சிட்டார்" என்று மருந்தைக் கிணற்றடியில் எறிந்த ஒருவரை அறிவோம். மருந்து தூங்கிக் கிடக்கும் நரம்புக்கல்ல, கூச்சலிடும் நரம்புக்கு என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். மின்னல் நோவுக்கு 1962 முதல் பயன்படுவது காபமசெப்பீன். ஆசிய வம்சத்தவர் சிலரிடம் அது தோலையே உரிக்கும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அயல்வீட்டாருடையதை வாங்கி விழுங்கும் நம் வழக்கம் இங்கு உயிருக்கே உலை வைக்கும். இவற்றுட் பல தலைச்சுற்றும் தூக்கமும் தருவன. மோட்டார் சைக்கிள் ஓடும் இளைஞர் கவனிக்கவும். வைத்தியரைக் கேளாமல் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. மருந்து நமது நோவை முற்றாக நீக்கவில்லை. இரவில் நித்திரை தந்தது. நித்திரை கிடைத்தபின் பகலோடு மல்லுக்கட்டப் பலம் வந்தது.

பகற்பொழுதை எவ்வாறு கழிக்கிறோம் என்பதே பலர் கேட்கும் கேள்வி. காலையில் கிணற்றுத் தண்ணீரை முகத்தில் அடிப்பதில்லை. இளஞ்சூட்டு நீராற் கழுவுகிறோம். மென்மையான தூரிகையால், இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் கடைசியாகப் பல் துலக்குகிறோம். சவரம் ஒன்றுவிட்ட ஒருநாள். பஸ்ஸில் யன்னல் ஓரம் கிடைத்தாலும் காற்றடிக்கும் பக்கம் இருப்பதில்லை. சால்வையை நாடிவரை சுற்றிக்கொள்கிறோம். வெயிற்காலத்தில் ஏன் சால்வை என்று சிரிப்போர் சிரிக்கட்டும். விறைத்த உதட்டுக்குச் சூடு தெரியாது. ஆகவே தேநீரை முதலில் இடப்பக்க உதட்டிலேயே சோதிப்போம். பிட்டுத் துகள் உதட்டில் ஒட்டியிருந்தாலும் தெரியாது. சபையில் உண்ணும்போது மனைவியார் தமது நாடியை ஒரு விரலால் தொடுவார், நாம் துடைத்துக்கொள்வோம். பிறர் அறியார். இடியப்பமும் சொதியும் நமக்கு உற்ற தோழர். முறுக்குக்கு விடை கொடுத்துவிட்டோம். வெள்ளிக்கிழமைப் பசனையில் முதல் இரண்டு பாடல்களை வாய்விட்டுப் பாடி, மிகுதிக்குத் தாளம் போடுகிறோம். தாளக்காரர் குறைவு என்பதால் எவரும் குறை சொல்லவில்லை!

ஒரு கொப்பியும் வைத்திருக்கிறோம். நோவுக்குப் பத்தில் எத்தனை, என்ன செய்தபின் கூடிற்று, எத்தனை மணி நித்திரை என்று இரவில் மூன்று வரி எழுதுவோம். பக்கம் பக்கமாக எழுதினால் நோவையே நினைத்துக்கொண்டிருக்க நேரிடும். மூன்று வரி போதும். நோவில்லாத நாளென்று எல்லா வேலையையும் ஒருங்கே செய்தால், அடுத்த இரண்டு நாளும் படுக்கையே என்பதை அக்கொப்பிதான் காட்டிற்று. இப்போது நல்ல நாளிலும் அளந்தே பேசுகிறோம்.

நோவைவிட நம்மை வருத்தியது பிறர் சொல். "முகத்தில ஒண்டும் தெரியேல்லையே, நல்லாத்தானே இருக்கிறியள்" என்பார் உறவினர். ஒரு வைத்தியர், பெயர் வேண்டாம், படத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் மனப்பிரமை என்றார். அன்று வீடு வந்து எவரோடும் பேசவில்லை. பின்னர் வேறொரு வைத்தியர் பஞ்சையும் ஊசிமுனையையும் கொண்டு உதட்டில் அங்குலம் அங்குலமாகத் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி மாறும் எல்லையைப் பேனாவாற் கோடிட்டுக் காட்டினார். அக்கோடு நரம்பு போகும் வழியிலேயே அமைந்திருந்தது. நோவு ஒரு துளியும் குறையவில்லை. ஆயினும் அன்றிரவு நன்றாக உண்டோம். அவரே பிறகு மன வைத்தியரிடமும் அனுப்பினார். இம்முறை நமக்குக் கோபம் வரவில்லை. பயமும் தனிமையும் நோவைப் பெருக்குவன. மூச்சை ஆறுதலாக விடவும், பயத்தைத் தணிக்கவும் பழக்குவது நோவைப் பொய் என்று சொல்வதாகாது என்று முதலிலேயே விளக்கியிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நோயாளரைப் பார்க்கப் போகும் நமது தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகத்தில் நோவுள்ளவரிடம் பல கேள்வி கேட்டு அவரைப் பேச வைக்காதீர்கள். அருகில் இருந்து பத்திரிகையை வாசித்துக் காட்டுங்கள். கன்னத்தைத் தடவாதீர்கள், திருநீறு பூசுவதானாலும், நெற்றியில் தொடலாமா என்று கேட்டபின் பூசுங்கள். "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மாறிவிட்டது" என்ற கதையை முதல் நாளிலேயே தொடங்காதீர்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தம்பி, மறுபடி சத்திர சிகிச்சை செய்து நரம்பைப் பொருத்த முடியாதா என்று கேட்டார். உருப்பெருக்கியின் கீழ் நரம்பைத் தைக்கும் நிபுணர் உளர். காயப்பட்ட முதல் மாதங்களிற் செய்தாற் பயன் கூடுதல். காலம் செல்லச் செல்லக் குறையும். எரிவு வேரூன்றிய பின், மறுபடி கத்தி வைத்தால் கூடவும் கூடும். ஆதலால் விறைப்பு மாறாதவர், குறிப்பாக எரிவும் சேர்ந்தவர், ஒரு வருடம் பார்ப்போமென்று வீட்டில் இராமல் சில வாரங்களுக்குள்ளேயே வைத்தியரிடம் திரும்பிச் செல்ல வேண்டும். நம்மைப் பொறுத்தமட்டில், வைத்தியரும் நாமும் நெடுநேரம் பேசி, வேண்டாம் என்றே தீர்மானித்தோம். இரவுக் குளிசையை இவ்வாண்டு பாதியாகக் குறைத்துப் பார்க்கிறோம். மூன்று வாரமாயிற்று, கொப்பியில் பெரும்பாலும் நான்கும் ஐந்துமாகவே எழுதியிருக்கிறோம். இன்று இவ்வளவு பேசியதற்கு இரவில் ஏழு எழுத நேரலாம்.