முதல் தாரத்துக் குழந்தையும் புது மணமகளும்

(கோவில்பட்டியில் நடந்த ஒரு மறுமணத்தில் பேசியதன் சாரம்)



மணமகனுக்கு முதல் மணத்தில் ஒரு பெண் குழந்தை உண்டென்பதும், கோர்ட் உத்தரவுப்படி அதற்கு மாதந்தோறும் ஜீவனாம்சம் கட்டி வருகிறார் என்பதும் இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்த சங்கதியே. மணமகள் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவர். "அந்தப் பணத்தை இனி இந்தப் பெண்ணல்லவா சுமக்க வேண்டும்?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர்.

சட்டப்படி அவர் ஒரு காசும் கொடுக்கக் கடமைப்பட்டவரல்ல. 1973-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 144-வது பிரிவாக இருக்கிறது. எண் மாறிற்றே தவிர, கடமை பெற்றவர் தலையிலேதான். அவரைப் பிற்பாடு கட்டிக்கொண்டவர் தலையில் அல்ல. பாக்கி வைத்தால் ஜெயிலுக்குப் போக வேண்டியவரும் தகப்பனே.

அதற்காக, "எனக்குப் புதுக் குடும்பம் ஏற்பட்டுவிட்டது, இனிமேல் வகையில்லை" என்று தகப்பன் கையை விரிக்க முடியுமா? முடியாது. நிலைமை மாறியதைக் காட்டித் தொகையைக் குறைக்க மனுப்போடலாம். கோர்ட் மாற்றுகிற வரையில் பழைய தொகை பழைய தொகையே. நமது கரிசலில் ஐப்பசி மழை தவறினால் உளுந்தும் பாசியும் போய்விடும், வாஸ்தவம். பிள்ளையின் பசியும் மானாவாரியா? உடல் நலமுள்ளவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டே 2014-இல் சொல்லிவிட்டது.

ஆனால் தோழர்களே, சட்டத்தின் கணக்கு ஒன்று, அடுப்பின் கணக்கு வேறொன்று. 2001 வரையில் இந்தப் பிரிவின்படி மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாதிருந்தது. அந்த வரம்பு நீங்கிய பின் ஜீவனாம்சம் வீட்டுச் செலவையே ஆட்டுகிறது. புருஷன் சம்பளத்தில் ஒரு பங்கு போனால், அரிசிக்கும் வாடகைக்கும் பெட்டி ஒட்டிய கூலிதானே போகிறது? அவள் கொடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஆகவேதான் கல்யாணத்துக்கு முன்பே கணக்கைக் காட்ட வேண்டும் என்கிறேன். எத்தனை பவுன், எத்தனை குறுக்கம் நிலம் என்று கேட்கிறோம். பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். அந்தப் பத்தில் குழந்தையின் பால் காசுக்கு எந்தப் பொருத்தமய்யா இருக்கிறது? இந்த மணமகன் ரசீதுகளையெல்லாம் பெண்ணிடம் காட்டிய பிறகே சம்மதம் கேட்டார். அவரும் பார்த்து, யோசித்து, தம் கூலி தம் பேரிலேயே பாங்கியில் இருக்கும் என்று சொல்லிவிட்டே சம்மதித்தார். அந்தக் குழந்தையின் பணத்துக்குக் குறுக்கே நிற்க மாட்டேன் என்றும் சொன்னார்.

தாய்மார்களுக்கு இன்னொன்று. பிள்ளையோடு தனித்து நிற்கும் பெண்ணிடம், "நீ மறுமணம் செய்தால் பிள்ளைப் பணமும் நின்றுவிடும்" என்று பயங்காட்டுகிறார்கள். விவாகரத்தானவள் மறுமணம் செய்தால் நிற்பது அவளுடைய ஜீவனாம்சம் மாத்திரமே. பிள்ளைக்குத் தகப்பன் தகப்பன்தான். புதுப் புருஷன் வந்ததால் பழையவர் கடன் தீராது. சந்தேகமுள்ளவர்கள் கோர்ட்டிலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவானாலும், வக்கீல் உதவி இலவசம்.