முழுப்பெயரைச் சொல்லுங்கள்

 

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தா மருத்துவமனையில் இருந்தார்கள். இரவில் மருந்து கொண்டுவந்த தாதி, "முகம்மது?" என்றார். அரைத் தூக்கத்தில் அத்தா தலையசைத்தார்கள். மாத்திரையோ அடுத்த கட்டில் முகம்மதுக்கு உரியது! "இவங்களுக்கு ராத்திரியில மாத்திரை கிடையாதே" என்று அம்மா தடுத்ததால் தப்பினோம். அம்மாவுக்குப் பள்ளிப்படிப்பு இல்லை, கவனம் இருந்தது.

நம்மவர் பலரின் பெயர் முகம்மது, அப்துல் என்றே தொடங்குகிறது. பெயரோடு பிறந்த தேதி போன்ற இன்னொரு விவரத்தையும் சரிபார்க்க வேண்டும், அறை எண்ணை நம்பக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே, வெறுமனே "ஆம்" என்னாதீர்கள். முழுப்பெயரைச் சொல்லிக் கைப்பட்டையைக் காட்டுங்கள். சாப்பிடும் மருந்துகளையும் ஒவ்வாத மருந்துகளையும் எழுதி, அடையாள அட்டையோடு வையுங்கள். புது மாத்திரை வந்தால் எதற்கென்று கேளுங்கள்.

கேட்பது மரியாதைக் குறைவல்ல. பல கட்டில்களைக் கவனிக்கும் தாதிக்கு அது உதவி. 2019 முதல் செப்டம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு நாள்.

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். பழம் வாங்கிப் போகும் நாம், கொஞ்சம் விழிப்பையும் கொண்டுபோவோம்.