தாகம் உண்டா நமக்கு?

(ஜூபிலி விழாத் தயாரிப்பு நாளொன்றில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



சேயாற்றங்கரையில் வாழும் நமக்குத் தாகத்தைப் பற்றி யாரும் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் நுரைத்தோடும் ஆறு, சித்திரையில் வெறும் மணலாய்க் கிடக்கும். ஆயினும் மணலைத் தோண்டி ஊற்றெடுத்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் கீழே இறங்கியிருக்கிறதே தவிரப் போய்விடவில்லை என்று.

ஆன்ம வாழ்விலும் கோடை வருகிறது. செபமாலை கையில் இருக்க, மனம் தறியிலோ கடனிலோ கிடக்கிறது. திருப்பலிக்கு வருகிறோம், வந்தபடியே திரும்புகிறோம். "செபிக்க உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லையே, விசுவாசமே போய்விட்டதோ" என்று அஞ்சி, கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களும் நம்மிடையே உண்டு.

இவர்களுக்குத் துணையாகக் கல்கத்தா அன்னை தெரேசா நிற்கிறார். 1946 செப்டம்பர் 10-ஆம் நாள் டார்ஜிலிங் செல்லும் இரயிலில் அவர் பெற்ற அழைப்பு, சிலுவையில் தொங்கிய ஆண்டவரின் தாகத்தைத் தணிக்க வேண்டும் என்பதே. அவரது சபையின் சிற்றாலயங்களில் பாடுபட்ட சுரூபத்தருகே ஆண்டவர் தம் தாகத்தை உரைத்த வார்த்தையை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்னை 1997-ல் மரித்து, பத்தாண்டு கழித்து அவர் கடிதங்கள் நூலாக வந்தபோது உலகமே திடுக்கிட்டது. ஏறக்குறைய 50 ஆண்டுகள், இறைவன் தம்மோடு இருப்பதை உணர முடியாத இருளில் அவர் வாழ்ந்திருக்கிறார்! அந்த இருளோடேயே நாள்தோறும் விடியலில் நற்கருணைமுன் முழந்தாளிட்டார். எழுந்து போய்த் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். 2016-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. உள்ளத்தில் ஆறுதல் வற்றிவிட்டதால் தாகமும் வற்றிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். ஏங்குவதே செபம்தான்.

அன்னை துறவியாயிற்றே என்பீர்கள். சரி, நம்மைப்போல் இல்லறத்தில் வாழ்ந்த புனித தேவசகாயத்தைப் பார்ப்போம். திருவாங்கூர் அரசு அலுவலராயிருந்த நீலகண்டன், அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த வேளையில், தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். அங்கேதான் தாகம் தொடங்கியது. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749-ல் பிடித்துக் கட்டி, எருமைமேல் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புலியூர்க்குறிச்சியில் நா வறண்டு துடித்தவர், மண்டியிட்டுச் செபித்து, முழங்கையால் பாறையை இடிக்க நீர் சுரந்தது என்பது பரம்பரைச் செய்தி. முட்டிடிச்சான் பாறை என்று மக்கள் இன்றும் அங்கே திருயாத்திரை போகிறார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் புனிதர் பட்டம் பெற்றார்.

அவர்மீது உயர்குலத்தார் கொண்ட பகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதி பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார். இதை நாம் விட்டுவிட்டுப் பேசக் கூடாது. யாக்கோபின் கிணற்றருகே நண்பகலில் களைத்து உட்கார்ந்த ஆண்டவர் யாரிடம் தண்ணீர் கேட்டார்? எவர் பாத்திரத்தில் யூதர் கைவைக்கமாட்டாரோ, அந்தச் சமாரியப் பெண்ணிடம். தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்த நாடு நம் நாடு. கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச்சுவர் எழுப்பிய பங்குகளும் இங்கே உண்டு. அயலான் குவளையை ஒதுக்கிவிட்டுக் கடவுள்மேல் தாகம் என்று சொன்னால், கிணற்றடியில் காத்திருப்பவர் நம்மிடம் என்ன கேட்பார்?

ஜூபிலிக்காகக் கோயிலுக்கு வண்ணம் பூசுகிறோம், தோரணம் கட்டுகிறோம், சப்பரம் ஜோடிக்கிறோம். வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. குடத்தை விளக்கி வைப்பது நல்ல பழக்கம். தண்ணீருக்குப் போகவும் வேண்டுமல்லவா?

ஆகையால் கொடியேற்றத்துக்கு முந்திய மாலை ஒருமணி நேரம் நற்கருணை ஸ்தாபித்து வைப்போம். பிரசங்கம் இராது, பாட்டு ஒன்றிரண்டு போதும். தறிக்குழியை விட்டு எழுந்தபடியே, கழனியிலிருந்து கால் கழுவியபடியே வரலாம். வருடக்கணக்காய் வராதவர்கள் வீட்டுக்கு அன்பியத்தார் நேரில் போய்ச் சொல்லுங்கள். செபிக்க ஒன்றும் தோன்றவில்லை என்பவர்களும் வந்து சும்மா உட்காரட்டும்.