அமராவதி நகருக்கு மாணவிகள் வந்த கதை

உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில், அணைக்கு அருகே, 1962-இல் தொடங்கியது சைனிக் பள்ளி. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கே பையன்கள் மட்டுமே படித்தார்கள். பாடம் நடத்திய ஆசிரியைகள், காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு மருந்து கொடுத்த மேட்ரன்கள் என்று சைனிக் பள்ளிகளில் பெண்கள் பணியாற்றத்தான் செய்தார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒரு பெண் குழந்தையின் பெயர்கூட இல்லை.

இந்தப் பள்ளிகளின் நோக்கத்தை நினைத்தால் மனம் வருந்துகிறது. படை அதிகாரிகள் ஒருசில வட்டாரங்களிலிருந்தும் வசதியுள்ள குடும்பங்களிலிருந்தும் மட்டுமே வரும் நிலையை மாற்றத்தான் 1961-இல் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் இத்திட்டத்தைக் கொண்டுவந்தார். ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யப் பிறந்த திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போனது.

காரணம் பள்ளிக்கு வெளியே இருந்தது. மாணவர்களை கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தயார் செய்வதே சைனிக் பள்ளியின் வேலை. அந்த அகாடமி பெண்களைச் சேர்க்கவில்லை.

தரைப்படையில் மருத்துவம், செவிலியப் பணி தவிர்த்த பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளானது 1992-க்குப் பிறகுதான். அந்தக் கதவு திறந்தது சென்னையில், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில். பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று தலைமைத் தளபதிக்கே கடிதம் எழுதிய பிரியா ஜிங்கன், அங்கே முதல் பெண் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அவருடைய எண் 001. 1993 மார்ச்சில் அந்த முதல் அணி பயிற்சியை முடித்து அதிகாரிகளானது. அவர்கள் பட்டதாரிகள். பட்டம் பெற்ற பெண் வரலாம், பிளஸ் டூ முடித்த பெண் கடக்வாஸ்லாவுக்கு வரக்கூடாது என்ற நிலை அதன் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

2018-இல் இரண்டு இடங்களில் அசைவு தெரிந்தது. உத்தரப் பிரதேச அரசு நடத்தும் லக்னோ சைனிக் பள்ளி மாணவிகளைச் சேர்த்தது. மிசோரமின் சிங்சிப் பள்ளியில் சோதனை முயற்சியாகச் சிறுமிகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தார்கள். அது நல்லபடியாக நடந்ததால், 2021-22 கல்வியாண்டு முதல் எல்லாச் சைனிக் பள்ளிகளிலும் மாணவிகளைச் சேர்க்கப் பாதுகாப்பு அமைச்சகம் 2019 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. அமராவதி நகருக்கும் மாணவிகள் வந்தது இப்படித்தான்.

அடுத்து கடக்வாஸ்லாவின் கதவும் திறந்தது. 2021 ஆகஸ்ட் 18 அன்று, அகாடமி நுழைவுத் தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஏற்பாடுகளுக்கு அவகாசம் வேண்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று அரசு கேட்டது, நீதிமன்றம் இசையவில்லை. அதே ஆண்டு நவம்பரில் பெண்கள் தேர்வெழுதினார்கள். 2025 மே மாதம் 17 பெண்கள் அகாடமியிலிருந்து தேறி வெளிவந்தார்கள்.

ஆனால் அகாடமியின் அந்த முதல் அணியில் பெண்களுக்கு ஒதுக்கிய இடங்கள் வெறும் 19. பள்ளிகளிலும் பத்து விழுக்காடு, அல்லது பத்து இடங்கள் என்ற கணக்கில்தான் மாணவிகள் சேர்ந்தார்கள். தொடக்கத்துக்கு அது சரி. அதையே நிலையான அளவாக வைத்துக்கொள்வது நியாயமாகாது.

இந்த அவையில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் பெற்றோர் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆறாம் வகுப்புக்கான சைனிக் நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இந்த ஆண்டு அவளுக்காக விண்ணப்பியுங்கள்.