வீட்டாரும் விருந்தினரும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையினின்று சற்று விலகினால், நாலந்தாக் கெடிகே என்னும் கற்றளி தென்படும். பல்லவர் பாணியை நினைவூட்டும் அழகிய கட்டடம் அது. 1970களில் மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, பழைய இடம் நீரில் மூழ்கும் என்பதனால், அதனைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கினர். புதிய இடத்தில் எழ வேண்டுமாயின் பழைய இடத்தில் அழிய வேண்டும். கல்லின் இயல்பு அது. கணினியிலுள்ள கோப்பகத்தின் இயல்போ வேறு. பெயர்க்காமலும் நகல் எடுக்காமலும் ஒரே கோப்பகத்தை ஒரே வேளையில் இரண்டு இடங்களில் நிறுத்தலாம். அதனை நிறுத்தும் விதமும், நிறுத்துவோர் இடறும் இடமுமே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு பெரிய கணினிக்குள் பல சிறு சர்வர்கள் தனிக்குடித்தனம் நடத்துவது இன்று எங்கும் உள்ள வழக்கம். இடங்கொடுக்கும் கணினி வீட்டார். உள்ளே குடியிருப்பவை விருந்தினர். 2001ஆம் ஆண்டில் ழாக் ஜெலினா தொடங்கிய லினக்ஸ் வீசர்வர் இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று. அதில் விருந்தினர் எத்தனை பேராயினும் 'கெர்னல்' எனப்படும் கரு ஒன்றே. ஆகவே வீட்டாரின் கோப்பகம் ஒன்றை விருந்தினருக்குக் காட்ட, 'மவுண்ட்' கட்டளையுடன் 'பைண்ட்' என்னும் குறிப்பைச் சேர்த்தாலே போதும். அறை ஒன்றுதான், வாயில் இரண்டாகிவிடும்.

நாலந்தாவை அடுத்த பாடசாலை ஒன்றில், மாணவரின் புள்ளிப் பதிவேடு ஒரு விருந்தினரிடம் இருப்பதாகக் கொள்ளலாம். இரவுதோறும் அதன் பிரதி, வீட்டார் பொருத்தித் தரும் தனி வட்டில் எழுதப்பட வேண்டும். ஒருநாள் விருந்தினர் முதலில் எழுந்துவிடுகிறார். வட்டு பின்னர்தான் பொருத்தப்படுகிறது. வீட்டாருக்கு வட்டு தெரிகிறது. விருந்தினர் பார்த்தால் வெறுங்கோப்பகம்! காரணம், எந்த இடத்தில் எந்த வட்டு பொருந்தியிருக்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு விருந்தினருக்கும் தனியே கொடுக்கும் வசதி 2002இல் லினக்ஸில் வந்தது. விருந்தினர் எழும் வேளையில் எடுத்த படி அது. அதன்பின் வீட்டில் நிகழ்வது, தனியே ஏற்பாடு செய்திராவிடின், அவருக்கு எட்டாது.

வெறுங்கோப்பகம் தெரிவது சிறு தொல்லைதான். பெருந்தீங்கு வேறு. பிரதி எடுக்கும் நிரல் அந்த வெறுங்கோப்பகத்திலேயே எழுதிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. பிரதி விழுவதோ பதிவேடு இருக்கும் அதே மூலவட்டில். அவ்வட்டு பழுதாகும் நாளிற் பதிவேடும் போகும், பிரதியும் போகும். மாதக்கணக்கில் 'எல்லாம் நலம்' என்று காட்டிக்கொண்டிருந்த ஏற்பாடு இது! ஆதலின், எழுதுவதற்கு முன் 'மவுண்ட்பாயிண்ட்' என்னும் சிறு கட்டளையை விருந்தினரிடத்திலேயே ஓடவிட்டு, அவ்விடத்தில் ஏதேனும் பொருந்தியிருக்கிறதா என்று சோதித்தல் நன்று. இல்லையெனில் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

2006ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த 2.6.15ஆம் கருவில் இதற்கொரு பரிகாரம் பிறந்தது. வீட்டாரின் கோப்பகத்தைப் 'பகிர்வு' என்றும், விருந்தினருடையதைச் 'சார்பு' என்றும் முன்னரே குறித்துவைத்தால், வீட்டார் பின்னர் பொருத்துவது உள்ளேயும் தோன்றும். விருந்தினர் பொருத்துவது வெளியே கசியாது. ஒருவழிப் பாதை இது. விருந்தோம்பலுக்குப் பொருத்தமானதுங்கூட.

கோப்பின் உரிமையிலும் விழிப்பு வேண்டும். கரு உரிமையாளரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. வீட்டில் 1000 என்பது அதிபராகவும், விருந்தினரிடத்தில் 1000 என்பது நூலக உதவியாளராகவும் இருந்தால், எண்களை மாற்றியமைக்காத வரையில் ஒருவர் கோப்பு மற்றவர் கைக்கு எட்டும். வாசிக்க மட்டும் வேண்டிய கோப்பகத்தை வாசிப்புக்கு மட்டுமே திறந்துவிடுவது பாதுகாப்பு.

2007இல் லினக்ஸில் சேர்ந்த கேவிஎம் முறையில் நிலைமை வேறு. அங்கே விருந்தினருக்குச் சொந்தக் கரு உண்டு. வழக்கமான கோப்பு முறைமையுள்ள ஒரே வட்டை இரண்டு கருக்கள் ஒருங்கே பொருத்தி எழுதினால், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் அழிப்பார், வட்டு சிதைந்துபோகும். ஆகவே அங்கே வட்டை வீட்டார் மட்டுமே ஆள்வார். விருந்தினர் அவரிடம் கேட்டுப் பெறுவார். அவ்வாறு கேட்பதற்குப் பெல் ஆய்வுகூடத்தில் உருவான 9பி நெறி முதலிற் பயன்பட்டது. 2019இல் வெளிவந்த 5.4ஆம் கருவில் 'வர்ட்டியோ எஃப்எஸ்' அதனுடன் சேர்ந்தது.