மடலின் இருப்பிடம்

கூமாப்பட்டித் தமிழ்ப் பெருமக்களே! உழவர்களே! கல்லூரி இளைஞர்களே!

2025ஆம் ஆண்டில் ஒரு சிறு காணொளியால் இவ்வூரின் பெயர் தமிழ் வழங்கும் இடமெல்லாம் பரவிற்று. பெயரைக் கேட்டவர் பலர். ஆயினும், விருதுநகர் மாவட்டத்தில், மேற்குமலைத் தொடரின் அடியில், பிளவக்கல் அணைக்கு அருகில் என்று இடம் தேடி வந்தவரே ஊரைக் கண்டவராவர். பெயரறிதல் வேறு, இடமறிதல் வேறு. இவ்வேறுபாடே இவ்வுரையின் பொருள்.

இற்றைத் தமிழர் தம் மடல்களை மின்னஞ்சலாக எழுதுகின்றனர். அயல்நாட்டு மகன் எழுதியது, நிலவரி பற்றிய முறையீடு, மலருக்கு வந்த கட்டுரை என எல்லாம் திரையில் தோன்றுகின்றன. கணிப்பொறிக்குள் அவை எங்கே இருக்கின்றன என்று வினவினால், விடை சொல்வார் மிகச் சிலரே.

அலுவலகங்களில் பெரிதும் வழங்கும் அஞ்சற்செயலி மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் ஆகும். அதில் ஆயிரம் மடல்கள் இருப்பினும் அவை ஆயிரம் கோப்புகளாக இருப்பதில்லை, பி.எசு.டி. என்று முடியும் ஒரே கோப்புக்குள் அடங்கிக் கிடக்கின்றன. வழங்கியிலிருந்து மடல்களை இறக்கிக்கொண்டு, அங்கிருப்பவற்றை அழித்துவிடும் முறையில் கணக்கு அமைந்திருப்பின், அக்கோப்பே ஒரே படி. மறுபடி வேறெங்கும் இராது.

அக்கோப்பு எங்கே உள்ளது? 2010ஆம் பதிப்பு முதல் அது பெரும்பாலும் ஆவணங்கள் என்னும் கோப்புறைக்குள் வைக்கப்படுகின்றது. 2007ஆம் பதிப்பு வரையிலோ, கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்ட கோப்புறைக்குள் வைக்கப்பட்டது. பழுதுற்ற பொறியைத் துடைத்துப் புதுக்குவோர், வெளியே தெரியும் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுவர். படங்கள் எஞ்சும், பத்தாண்டு மடல்கள் மாளும். அழித்தவர் பகைவரல்லர், அங்கே ஒன்று இருந்தது என்பதையே அறியாதவர்.

இவ்வறியாமை தமிழர்க்குப் புதியதன்று. இராசபாளையத்துக்குத் தெற்கே உள்ளது கரிவலம்வந்தநல்லூர். வரகுணபாண்டியரின் ஏடுகள் அங்கே கோயிலில் உள்ளன என்று கேள்வியுற்று, உ.வே. சாமிநாதர் தேடிச் சென்றார். பழைய ஏடுகள் தீயிலிடப்பட்டன என்பதே அவர்க்குக் கிடைத்த விடை. இருக்குமிடம் தெரிந்தும் காலம் தாழ்ந்தமையால் அவை போயின. இன்றோ, இருக்குமிடமே தெரியாமல் மடல்கள் போகின்றன!

இதற்குத் தீர்வு உண்டு. எங்கெங்கோ துழாவ வேண்டுவதில்லை, அஞ்சற்செயலியையே வினவலாம். அவுட்லுக் திறந்திருக்கையில் ஆல்ட் விசையுடன் எஃப்11 விசையை அழுத்தின், விசுவல் பேசிக் நிரல் எழுதும் பலகை தோன்றும். ‘அப்ளிகேசன்’ என்பது செயலி முழுமையும். ‘செசன்’ என்பது அதில் நடக்கும் அமர்வு. ‘இசுடோர்சு’ என்பது அவ்வமர்வுக்குரிய கிடங்குகளின் தொகுதி. ‘ஃபார் ஈச்’ என்னும் சுற்றுக் கட்டளையால் அக்கிடங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, ‘ஃபைல்பாத்’ என்னும் பண்பை வினவுக. கோப்பு எந்த வட்டில், எந்தக் கோப்புறையில், எப்பெயரில் உள்ளது என்பதை அது முழுமையாக விடுக்கும். கட்டளைகளை உரோம எழுத்தில் எழுத வேண்டும் என்பதொன்றே. நிரல் நான்கைந்து வரிகளுக்கு மேற்படாது.

இப்பண்பு 2007ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்னர்க் கிடங்கின் நீண்ட அடையாளக் குறியைப் பிரித்துப் பிரித்து இடத்தைக் கண்டெடுத்தனர். விடை வெறுமையாக வருமாயின், அக்கிடங்கிற்குப் பொறியில் கோப்பு இல்லை. மடல்கள் வழங்கியிலேயே உள்ளன என்பது பொருள். விடை ஓ.எசு.டி. என்று முடியுமாயின், அது வழங்கியில் இருப்பதன் நிழற்படி. அதனைப் படியெடுத்து வைத்தல் காப்பாகாது. அம்மடல்களைப் பி.எசு.டி. கோப்பாக ஏற்றுமதி செய்தல் வேண்டும். புதிய அவுட்லுக் என்று இப்பொழுது வழங்கப்படும் செயலியில் இந்நிரல் இயங்காது என்பதையும் அறிக.

இங்கே தமிழர்க்கென்றே ஓர் இடர் காத்திருக்கின்றது. கோப்புறைக்குத் தமிழிலே பெயரிட்டவர் இந்நிரலை இயக்கி, விடையை அந்நிரற்பலகையிலேயே காட்டச் செய்தால், தமிழ்ப்பெயர் இருக்குமிடத்தில் வினாக்குறிகளே வரிசையாக நிற்கும். பெயர் சிதைந்துவிட்டதோ என்று அஞ்சற்க. விண்டோசின் பழைய எண்முறைப் பட்டியல்களில் தமிழுக்கு இடமே தரப்படவில்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றும், விண்டோசில் அது வழக்கிற்கு வந்தது 2000ஆம் பதிப்பில்தான். நிரற்பலகை இன்னும் அப்பழைய பட்டியலைக் கொண்டே காட்டுகின்றது. உள்ளே வரும் விடை தூய தமிழ். காட்டும் கண்ணாடியே குருடு!

இதற்கும் வழி எளிது. ‘கிரியேட்ஐட்டம்’ என்னும் கட்டளையால் புதுமடல் ஒன்றைத் தோற்றுவித்து, கண்ட வழியை அம்மடலின் உடற்பகுதியில் இட்டுக் காட்டச் செய்க. மடல் ஒருங்குறியை அறியும். தமிழ்ப்பெயர் தமிழாகவே தோன்றும். இதனை அறியாதார், ‘தமிழில் பெயரிட்டதே தவறு’ என்று உரோம எழுத்துக்கு மாறிவிடுகின்றனர். குறை காட்டியின்பாலது, பெயரின்பாலது அன்று. பெயரை மாற்றுதல், கண்ணாடி மங்கியதற்கு முகத்தை மாற்றுதல் போன்றதே.

அடுத்துக் காப்பு. 2002ஆம் பதிப்பு வரையிலான பழைய பி.எசு.டி. கோப்பு இரண்டு கிகாபைட்டுக்கு மேல் கொள்ளாது. அந்த எல்லையைத் தொட்டவை பழுதுற்றன. 2003ஆம் பதிப்பில் ஒருங்குறிக் கோப்பு வந்தபின் எல்லையும் விரிந்தது. மடலின் தலைப்பு தமிழில் சிதையாது நிற்கவும் வாய்ப்பு ஏற்பட்டது. எனவே பழைய கோப்பு வைத்திருப்போர், புதுவகைக் கோப்பு ஒன்றைத் தோற்றுவித்து, மடல்களை அதற்குப் பெயர்த்துக்கொள்க. படியெடுக்கும்போது அவுட்லுக்கை மூடிவிட்டே எடுக்க. ஒரு படி வேறு வட்டிலும், மற்றொரு படி வேறு வீட்டிலும் இருக்கட்டும். கோப்பின் முழு வழியைத் தாளில் எழுதி, பொறியின் அருகே ஒட்டி வைக்க; பழுது பார்ப்பவர் முதலில் அதனைக் காணட்டும்.

விதைநெல் எக்குதிரில் உள்ளதென்று அறியாத உழவர் இவ்வூரில் ஒருவரேனும் உண்டோ? இல்லை. அவ்விழிப்பு மடலுக்கும் வேண்டும். இன்றிரவே வினவுக, விடையை எழுதி வைக்க, இன்றே படியெடுக்க!